மூத்தாள் பெயர்

மாரெட் உண்டாகியிருப்பது தெரிந்த நாளிலிருந்து ஏலென் அவளை ஒரு வறட்டியைக்கூடத் தூக்க விடவில்லை. அடுப்புக்கு வறட்டி கொண்டுவருவது, குளத்தில் தண்ணீர் மொள்வது, ஆட்டுப்பால் கறப்பது எல்லாம் கிழவியே செய்தாள். அக்கம்பக்கத்தார் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். வைக்க மாட்டார்களா பின்னே? ஏலென் மாரெட்டுக்கு மாமியார் இல்லை, அம்மாவும் இல்லை. மாரெட்டின் புருஷன் மெல்ஃபுக்கு முதல் தாரமாக இருந்து காய்ச்சலில் செத்துப்போன கெர்ட்ரூட்டைப் பெற்றவள். மகள் போன பிறகும் மருமகன் வீட்டைவிட்டு நகராதவள். அப்படிப்பட்டவள் இளையாளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினால் ஊர் மெச்சத்தானே செய்யும்.

மாரெட் மெச்சவில்லை. அவளுக்குக் காரணம் தெரியும். கிழவி தாங்கியது அவளை இல்லை, அவள் வயிற்றை.

கடல் மட்டத்தோடு தாழ்ந்து கிடக்கிற அந்த வடக்குத் தீவுகளில் வழக்கம் அப்படி. பெண்டாட்டி செத்தவன் மறுபடி கட்டிக்கொண்டால், இளையாளுக்குப் பிறக்கிற முதல் பெண்ணுக்கு மூத்தாள் பெயரைத்தான் வைக்க வேண்டும். பையன் பிறந்தால் தகப்பனைப் பெற்றவன் பெயர். இரண்டாவதாக ஒரு பெண் பிறந்தால்தான் இளையாளின் தாய் பெயருக்கு முறை வரும். பெயர் வைத்த குழந்தை செத்துவிட்டால் அந்தப் பெயர் அடுத்ததற்குப் போகும். யாரும் சட்டம் போடவில்லை, பாதிரியார் பிரசங்கத்தில் சொன்னதும் இல்லை. ஆனாலும் மீறியவர்கள் கிடையாது. ஆண்பிள்ளைகளில் பாதிப்பேரைக் கடல் வாரிக்கொண்டு போகிற ஊரில், பெயரையாவது விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முன்னோர் நினைத்திருக்கலாம். அப்படி நினைத்தவர்களில் ஒருத்திகூட இளையாளாக வாழ்க்கைப்பட்டவள் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

மாரெட் இதெல்லாம் தெரியாமல் கழுத்தை நீட்டவில்லை. தெரிந்துதான் வந்தாள். அடுத்தவர் வீட்டில் ஆடு மேய்த்துக் கூழ் குடித்துக்கொண்டிருந்தவளுக்கு, திமிங்கில வேட்டைக் கப்பலில் போய்வருகிற மாலுமி ஒருவன், வெள்ளத்துக்கு எட்டாத மேட்டின் மேல் சொந்த வீடு, சுவர் முழுக்க நீலச் சித்திரம் போட்ட ஓடுகள் என்று வாய்த்தால், பெயரா பெரிதாகத் தெரியும்? வந்த பிறகுதான் தெரிந்தது. கெட்டில் கெர்ட்ரூட்டுடையது. ராட்டை கெர்ட்ரூட்டுடையது. சுவருக்குள் பதித்த கட்டிலில் மெத்தைகூட அவள் உடம்பு அழுத்திய பள்ளத்தோடுதான் கிடந்தது. மெல்ஃப் நல்லவன், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கை நீட்டியதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை. ஆனால் யோசனையில் இருக்கும்போது கூப்பிட்டான் என்றால் "கெர்ட்ரூட்" என்றுதான் கூப்பிடுவான். அவளும் பேசாமல் எழுந்து போவாள். கொஞ்ச நாளில் அதற்குத் திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டாள். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அவளைப் பெற்றவள் பெயர் ஹில்கெ. கடல் உள்வாங்கி அடிச்சேறு தெரிகிற நேரத்தில் தீவுக்குத் தீவு நடந்து போவார்கள் அல்லவா, அப்படி ஒருநாள் பக்கத்துத் தீவுக்குக் கம்பளி நூல் விற்கப் போனவள். நடுவழியில் மூடுபனி இறங்கிவிட்டது. அப்புறம் தண்ணீர் திரும்பி வந்தது, ஹில்கெ வரவில்லை. உடம்பு கிடைக்காததால் கல்லறையும் இல்லை. அவளைப் பற்றிப் பேசுவாரும் இல்லை. ஹில்கெ என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்கு மாரெட்டின் வாயைவிட்டால் வேறு சாட்சி கிடையாது. அந்தப் பெயரைத் தன் அடுப்படியில் நின்று சத்தமாகக் கூப்பிட வேண்டும். ஹில்கெ, சேற்றுக் காலோடு உள்ளே வராதே என்று அதட்ட வேண்டும். ஹில்கெ, சாப்பிட வா என்று மேடு முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை அவள். அதனால் முதலில் பையனாகப் பிறக்கட்டும், அதற்கடுத்தும் பையனாகவே பிறக்கட்டும், ஏலென் கண்ணை மூடிய பிறகு பெண் பிறக்கட்டும் என்று கடவுளிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் பனிக்கட்டியால் தாமதமாகிச் சித்திரையில்தான் கப்பலேறியிருந்த மெல்ஃப், இலையுதிர் காலத்தில் திரும்பினான். ஒரு சாயங்காலம் மூன்று பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஏலென் கோப்பையில் கற்கண்டைப் போட்டு, சூடான தேநீரை ஊற்றி, அது வெடிக்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

"எங்க வம்சத்துல கெர்ட்ரூட்னு பேரு வச்சவ எவளும் சோடை போனதில்ல. எங்க பாட்டிக்கு அத்தை ஒருத்தி. பெருவெள்ளத்துல கூரை மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு, கீழ நீந்திக்கிட்டிருந்த பசுவோட கொம்பை ஒத்தக் கையால புடிச்சவ, தண்ணி வடியற வரைக்கும் விடலையே. பசு பொழைச்சுடுச்சு."

"அவங்க?" என்றாள் மாரெட்.

"பசுவே பொழைச்சப்ப அவளுக்கு என்ன? அதுக்கப்புறம் ரெண்டு புருஷனைப் பார்த்தா."

மெல்ஃப் சிரித்தான். "பேரே அப்படித்தானே அத்தே. பாதிரியார்கிட்ட கேட்டேன் ஒருநாள். 'கெர்'னா ஈட்டியாம். 'ட்ரூட்'னா வலுவாம். சிலுவை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கறதுக்கு முன்னாடி, ஈட்டியும் கையுமா திரிஞ்ச சனங்க வச்ச பேரு. பொட்டப்புள்ளைக்கு ஈட்டின்னு பேரு வச்சிருக்கானுங்கன்னா எப்பேர்ப்பட்டவனுங்களா இருந்திருப்பானுங்க பாரு."

"ஈட்டி கெடக்கட்டும்," என்றாள் ஏலென். "புனிதவதி கெர்ட்ரூட்னு ஒருத்தி இருந்தா. செத்தவங்க ஆத்மா முதல் ராத்திரி அவ வீட்டுலதான் தங்குமாம். மறுநாள் தேவதூதருங்ககிட்ட. அதுக்கப்புறம்தான் எங்க போகணுமோ அங்க. எங்கம்மா சொல்லுவா. பாதிரியார் காதுல போட்டுடாதே, போப்பாண்டவர் காலத்துக் கட்டுக்கதைன்னு குதிப்பாரு."

மாரெட் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஹில்கென்னா என்ன அர்த்தம்னு அவரு சொல்லலையா?"

மெல்ஃப் விழித்தான். "அதைக் கேட்கலையே."

"ரெண்டாவது பொறக்கும்போது கேட்டுக்கலாம்," என்றாள் ஏலென். "இப்ப என்ன தலை போற அவசரம்?"

தை மாதக் குளிரில் மாரெட்டுக்கு வலி கண்டது. நல்லவேளை, காற்று வடமேற்கே திரும்புவதைப் பார்த்ததும் மருத்துவச்சி விப்கெ முன்கூட்டியே படகு பிடித்து வந்துவிட்டாள். அவள் வந்து சேர்ந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கடல் புல்வெளி மேல் ஏறிவிட்டது. மேடும் மேட்டின் மேல் வீடும்தான் மிச்சம், சுற்றிலும் தண்ணீர். மெல்ஃபும் ஏலெனும் ஆடுகளைக் கழுத்தைப் பிடித்து இழுத்துவந்து வீட்டுக்குள் அடைத்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆடுகள் கத்துகின்றன, இந்தப் பக்கம் மாரெட் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள்.

"கத்தேன்டி," என்றாள் விப்கெ. வாய்த்துடுக்குக்குப் பேர்போனவள், கைராசிக்கும் பேர்போனவள். "கத்தினா குறைஞ்சா போயிடுவே? ஆடு போடற சத்தத்துல உன் சத்தம் யாருக்குக் கேட்கப் போகுது?"

மத்தியானத்துக்கு மேல் குழந்தை பிறந்தது. கொழுகொழுவென்று, செக்கச்செவேலென்று, பிறந்த கையோடு வீட்டையே இரண்டாக்குகிற அழுகை. விப்கெ துடைத்துச் சுற்றித் தொட்டிலில் போட்டாள்.

"பொண்ணு," என்றாள். துக்கச் செய்தி சொல்கிற குரலில் சொன்னாள். "கெர்ட்ரூட் வந்துட்டா."

மாரெட் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடவுள் பேரத்துக்கு மசியவில்லை. இனிமேல் இந்த வீட்டில் காலையிலிருந்து இரவு வரை அந்தப் பெயர்தான், அதுவும் தன் வாயாலேயே.

"அதுக்குள்ள திரும்பிப் படுக்காதே," என்றாள் விப்கெ, வயிற்றை அழுத்திப் பார்த்து. "இன்னொண்ணு இருக்கு உள்ள."

இரண்டாவது வர நேரமாயிற்று. வந்தபோது சத்தமே இல்லை. தோலுரித்த முயல் அளவுக்கு இருந்தது. நீலம் பாய்ந்த உடம்பு. விப்கெ அதன் காலைப் பிடித்துத் தட்டினாள், வாயில் ஊதினாள், மறுபடி தட்டினாள். கடைசியில் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல் வந்தது.

"இதுவும் பொண்ணுதான். ஆனா நிக்காது மாரெட். உன்கிட்ட மறைச்சு என்ன பண்றது? தண்ணி வடிஞ்சு பாதிரியார் வந்து சேர்ற வரைக்கும் தாங்காது. நானே ஞானஸ்நானம் குடுத்துடறேன்." பானையிலிருந்து கிண்ணத்தில் தண்ணீர் மொண்டாள். "ஹில்கெதானே பேரு?"

மாரெட் தலையைத் தூக்கி இரண்டையும் பார்த்தாள். தொட்டிலில் ஒன்று கையை முறுக்கிக்கொண்டு வீறிடுகிறது. விப்கெவின் மடியில் ஒன்று மூச்சு விடலாமா வேண்டாமா என்று இருக்கிறது. வாழப்போவது கெர்ட்ரூட், சாகப்போவது ஹில்கெ. அம்மா ஒருமுறை செத்தது போதாதா?

"இதுதான் முதல்ல பொறந்தது," என்றாள்.

"என்னது?"

"உன் மடியில இருக்கிறது. இதுதான் முதல்ல வந்துச்சு. அவ அப்புறம்."

விப்கெ கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "உனக்கு மூளை கலங்கியிருக்கு. கொஞ்சம் கண்ணை மூடிப் படு."

"ஒண்ணும் கலங்கல. அவங்களுக்கு வேண்டியது பேருதானே. எடுத்துக்கட்டும்."

"பாவம்டி. போற உசுரு மேல அடுத்தவ பேரை ஏத்தி அனுப்பறியே."

"உனக்கு மட்டும் யாரு பேரு வச்சாங்க?" என்றாள் மாரெட்.

விப்கெவின் கதை ஊருக்கே தெரியும். அவளும் ஓர் இளையாளுக்குப் பிறந்தவள், மூத்தாள் பெயரைச் சுமந்தவள்.

"எங்கப்பன் என்னைப் பார்த்தா எழுந்து வெளியில போயிடுவான்," என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "எங்கம்மா ஒருநாள்கூட என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'ஏ', 'இங்க பாரு', அவ்வளவுதான். சாகப்போற நேரத்துலகூட 'ஏ, தண்ணி குடு'ன்னுதான் கேட்டா." அவள் குழந்தையைக் கையில் தூக்கினாள். "பேரு இதோட போகாது, தெரியுமில்ல? அடுத்ததுக்கு வரும்."

"அடுத்ததுன்னு ஒண்ணு எனக்கு வேணாம்."

"அதை உன் புருஷன்கிட்ட சொல்லு." விப்கெ தண்ணீரில் விரலை நனைத்தாள். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் அந்த நீலக் குழந்தைக்குக் கெர்ட்ரூட் என்று பெயர் வைத்தாள். ஈட்டியாம், வலுவாம். தலையில் தண்ணீர் பட்டதற்கு அழக்கூட அதனிடம் தெம்பில்லை.

"அவளுக்கும் தெளிச்சிடேன்," என்று தொட்டிலைக் காட்டினாள் மாரெட்.

"நல்லா இருக்கிற புள்ளைக்கு நான் தெளிச்சா பாதிரியார் என்னைத் தொழிலை விட்டே துரத்துவாரு. சாகக் கெடக்கிறதுக்குத்தான் எனக்கு அதிகாரம். அவளுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கா. பாதிரியார் வந்து வைக்கட்டும்."

மாரெட்டும் அதோடு விட்டுவிட்டாள். அசதி கண்ணைச் சுழற்றியது.

ஏலென் ஆட்டு ரோமமும் ஈரமுமாக உள்ளே வந்தபோது விப்கெ இரண்டு குழந்தைகளையும் காட்டினாள். எது கெர்ட்ரூட் என்றும் சொன்னாள். பொய்யைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, துணிகளை அலச வெளியே போய்விட்டாள். ஏலென் தொட்டில் பக்கம் திரும்பக்கூட இல்லை. நீலக் குழந்தையை வாங்கி, மேல்சட்டையை அவிழ்த்து, தன் வற்றிய மார்போடு வைத்து, மேலே கம்பளியைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். அடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தவள்தான். அங்கேயே தூங்கினாள், அங்கேயே தின்றாள். மெல்ஃப் வந்து அவள் முன்னால் மண்டியிட்டு, கம்பளியை விலக்கிக் குழந்தையைப் பார்த்தான்.

"வந்துட்டியா?" என்றான் அதனிடம். "வா, வா. குளிருதா?"

மாரெட் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை.

பால் கொடுக்கும் நேரம் வந்தால் ஏலென் குழந்தையைக் கொண்டுவருவாள். "முதல்ல இவளுக்கு," என்பாள். தொட்டிலில் மற்றது தொண்டை கிழியக் கத்தினாலும் சரி. "அது கத்தட்டும், நெஞ்சுக்கு நல்லது." நீலக் குழந்தைக்கு உறிஞ்சத் தெரியவில்லை. மாரெட் கரண்டியில் பீய்ச்சிச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். பாதி வழிந்துவிடும். வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தாள். எப்படியும் போகப்போவது, மனசு வைத்தால் நமக்குத்தான் கஷ்டம் என்று முகத்தைப் பார்க்காமலே ஊட்டினாள்.

தண்ணீர் வடிந்து, விப்கெ தன் மேட்டுக்குத் திரும்பி, தரை உறைந்த பிறகும் குழந்தை சாகவில்லை. ஒரு காலையில் கரண்டியைத் தள்ளிவிட்டு மார்பைக் கவ்வியது. இழுத்தது. நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இழுத்தது. அதன் கை மாரெட்டின் சுண்டுவிரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு சின்ன விரல்களுக்கு என்ன பிடி! மாரெட்டுக்கு அழுகை பீறிட்டது. தான் செய்த காரியம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குழந்தையிடம் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் என்னவென்று கூப்பிடுவது? கெர்ட்ரூட் என்று சொல்ல நாக்கு எழவில்லை. வேறு பெயரோ அவளே கொடுக்காமல் விட்டது.

"ஏ," என்றாள் மெதுவாக. "ஏ, குடி."

பிழைத்துவிடும் என்று அன்றைக்கு எல்லாரும் நம்பினார்கள். மெல்ஃப் ஒரு செம்மறியை அறுத்து, சூப் வைத்து மாரெட்டுக்குக் கொடுத்தான். ஏலென், "சொன்னேன்ல, எங்க கெர்ட்ரூட்டுங்க கொம்பைப் புடிச்சா விட மாட்டாளுங்க," என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாரெட் பெயரைப் பற்றி நினைப்பதையே விட்டுவிட்டாள். கெர்ட்ரூட்டோ எதுவோ, இது இருக்கட்டும், இரண்டும் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். இப்போது பேரமும் பேசவில்லை, கையேந்தினாள்.

ஒருநாள் முற்பகலில், ஏலெனின் மார்புச்சூட்டிலேயே, குழந்தை மூச்சை விட்டுவிட்டது. கிழவி வெகுநேரம் கம்பளியை அவிழ்க்கவில்லை. மெல்ஃப்தான் அவிழ்த்து வாங்கினான். வாங்கிய கையோடு சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். முதல் பெண்டாட்டி செத்தபோது அழ முடியாமல் கப்பலில் இருந்தவன். அந்த அழுகையையும் சேர்த்து அழுதான் என்று நினைக்கிறேன்.

"இன்னிக்கு ராத்திரி அந்தப் புனிதவதி வீட்டுல தங்குவா," என்றாள் ஏலென். "பேரே அதுதானே. யாரு நீ, எங்கேருந்து வர்றேன்னு வாசல்ல நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டாங்க."

மாரெட்டால் தாங்க முடியவில்லை. கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓலமிட்டாள். ஏலென் வந்து அவள் முதுகைத் தடவினாள்.

"நீ எதுக்குடி இப்படிக் கதறறே? பால் கெட்டுப்போயிடப் போகுது. உனக்குத்தான் உன் ஹில்கெ இருக்காளே. இது எங்களுது."

குத்திக் காட்டச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னாள். மாரெட் வாயை மூடிக்கொண்டாள். இது என் வயிற்றில் பிறந்தது, முறைப்படி என் அம்மா பெயருக்கு உரியது என்று சொன்னால், தொட்டிலில் கிடப்பது யார் என்ற கேள்வி வரும். செத்ததைத் தன்னுடையது என்று சொல்ல வேண்டுமானால், இருப்பதை இழக்க வேண்டும். சால்வை நுனியை வாயில் அடைத்துக்கொண்டு அழுது முடித்தாள்.

பிள்ளை பெற்றவள் தேவாலயத்துக்குப் போய் ஆசீர்வாதம் வாங்குகிற வரையில் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. அதனால் அடக்கத்துக்கு அவள் போகவில்லை. சன்னல் வழியாகப் பார்த்தாள். மெல்ஃப் தகரப்பெட்டி அளவுக்கு ஒரு மரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு உறைந்த புல்வெளியில் நடந்தான், பின்னால் ஏலென். தேவாலயம் இருக்கிற மேடு வரைக்கும் அவர்கள் சின்னதாகிக்கொண்டே போனார்கள். திரும்பி வந்ததும் மெல்ஃப் சொன்னான்.

"அவ பக்கத்துலயே வச்சுட்டோம். மண்ணு கல்லா இருந்துச்சு. ஆனா வச்சுட்டோம்."

யார் பக்கத்தில் என்று மாரெட் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு மிஞ்சியது தொட்டில்தான். செய்த பாவத்துக்குக் கூலியாக இதையாவது முழுசாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டாள். அடுப்படியில் நின்று, "ஹில்கெ," என்று கூப்பிட்டாள். முதலில் மெதுவாக, அப்புறம் சத்தமாக. "ஹில்கெ, என்னடி முறைக்கிறே? ஹில்கெ, போதும் தூங்கு." குழந்தை குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பியது. வீட்டுக்குள் கட்டியிருந்த ஆட்டுக்குத் தீனி வைக்கும்போதும் சொன்னாள், கஞ்சி கிண்டும்போதும் சொன்னாள். இத்தனை வருஷம் யாரும் சொல்லாத பெயரை ஒரு வாரத்தில் சொல்லித் தீர்த்துவிடுவதுபோல் சொன்னாள். ஏலென் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "பாப்பா" என்றுதான் கூப்பிட்டாள். கிழவிக்கு மனசு ஆறவில்லை, போகட்டும் என்று மாரெட் விட்டுவிட்டாள்.

மாசிக் கடைசியில் மேடுகளின் மேல் பெருந்தீ மூட்டி ஆண்களைக் கப்பலுக்கு அனுப்புகிற திருநாள் வரும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று பாதிரியார் சொல்லி அனுப்பினார். மெல்ஃப் கிளம்புவதற்குள் முடிந்துவிடும். தாய் போகக் கூடாது, அதுவும் வழக்கம்தான். குழந்தையை ஏலென் தூக்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

மாரெட் குழந்தையைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, கிழவியின் கையில் கொடுத்தாள்.

"ஹில்கெ," என்றாள் மெல்ஃபிடம். "பாதிரியார் கேட்டா ஹில்கென்னு சொல்லணும்."

மெல்ஃப் குனிந்து பூட்ஸ் வாரைக் கட்டிக்கொண்டிருந்தான். "ம்," என்றான், நிமிராமலே.

அவர்கள் போன பிறகு மாரெட் வீட்டைப் பெருக்கினாள். விருந்துக்கென்று வைத்திருந்த உலர்ந்த பிளம் பழங்களைப் போட்டு வாற்கோதுமைக் கஞ்சி வைத்தாள். மேலே வெண்ணெய் தாராளமாக விட்டாள். நெடுநாளாக மறந்திருந்த ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, அம்மா அதை எப்படிப் பாடுவாள் என்று யோசித்துப் பார்த்தாள். முகம் சரியாக நினைவுக்கு வரவில்லை. குரல் வந்தது.

கதவு திறந்தது. ஏலென்தான் முதலில் வந்தாள். குளிரில் மூக்கெல்லாம் சிவந்திருந்தது. ஆனால் அப்படி ஒரு முகமலர்ச்சியை மாரெட் அவளிடம் பார்த்ததில்லை.

"இந்தா, பிடி," என்று குழந்தையை நீட்டினாள். "வழியெல்லாம் அழுகை. கெர்ட்ரூட்டுக்குப் பசிக்குது."

மாரெட் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், வேறொரு குழந்தையைத் தேடுகிறவள்போல. பின்னால் மெல்ஃப் மட்டும்தான் இருந்தான். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"என்ன பேரு வச்சீங்க?"

"முறை அப்படித்தானே மாரெட்," என்றான் மெல்ஃப். "பேரு வச்சது போயிட்டா அடுத்ததுக்கு வைக்கணும். உனக்குத் தெரியாததா?"

"அடுத்ததுன்னா அடுத்து பொறக்கிறது."

"அடுத்து ஞானஸ்நானம் வாங்கறது," என்றாள் ஏலென். "இவளுக்குத்தான் இன்னும் பேரே வைக்கலையே."

"வச்சேன். நான் வச்சேன். நெதம் கூப்பிட்டேனே, உங்க காதுல விழலையா?"

"தண்ணி படாத பேரு ஒரு பேரா?" கிழவி கம்பளியை உதறி மாட்டினாள். "உங்கம்மா பேரு எங்கேயும் ஓடிடாது. அடுத்து ஒரு பொண்ணு பொறக்காமலா போகும்?"

மாரெட் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அந்த நீலக் குழந்தையை எதற்காக விற்றாளோ அது இப்போது அவள் கண்ணெதிரிலேயே போய்விட்டது. இனி மறைத்துக் காப்பாற்ற அவளிடம் ஒன்றுமில்லை. அவர்களுக்கும் வலிக்கட்டும் என்று நினைத்தாள்.

"இவதான் முதல்ல பொறந்தா," என்றாள்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"செத்தது ரெண்டாவது. நான்தான் மாத்திச் சொன்னேன். சாகப் போறதுன்னு தெரிஞ்சுதான் உங்க பேரை அதுக்குக் குடுத்தேன், அதோட அந்தப் பேரு தொலையட்டும்னு. விப்கெவைக் கூப்பிட்டுக் கேளுங்க. நீங்க ராப்பகலா நெஞ்சுல கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தது உங்க கெர்ட்ரூட்டே இல்ல."

அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். வீட்டைவிட்டுத் துரத்துவார்கள், சபிப்பார்கள், பாதிரியாரிடம் இழுத்துக்கொண்டு போவார்கள். எதுவானாலும் சரி. மெல்ஃப் முக்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான். ஏலென் அசையாமல் நின்றாள். மாரெட்டின் முகத்தைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், விரல் விட்டு எதையோ எண்ணுகிறவள்போல் உதட்டை அசைத்தாள். பிறகு அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. கோபம் வரவில்லை.

"அப்போ என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல," என்றாள். "முதல்ல வந்தவ இவதானே. இவதானே கெர்ட்ரூட். நீ என்ன தில்லுமுல்லு பண்ணினாலும் ஆண்டவர் சரியான தலையில சரியான பேரைக் கொண்டுவந்து வச்சுட்டாரே." அவள் மருமகன் பக்கம் திரும்பினாள். "கேட்டியா மெல்ஃப்? அவ சாகவே இல்ல."

"அப்போ அங்க மண்ணுல கெடக்கிறது?" என்றாள் மாரெட்.

"அது உன்னோடது," என்றாள் ஏலென்.

மெல்ஃப் தலையைத் தூக்கவில்லை. குழந்தை பசியில் வீறிட்டது. மாரெட் அப்படியே நின்றதால், கிழவியே அவளைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, சட்டைப் பொத்தானை அவிழ்த்து, குழந்தையின் வாயை மார்பில் சேர்த்தாள். பிறகு அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"இப்ப அழுதுக்கோ," என்றாள். "உன் புள்ளைதானே. யாரு வேணாங்கிறா?"